பட்டுக் கோட்டின் இரண்டு கைகள்

அந்த வீட்டில் ஒருவர் போட்ட தையலை அவருடைய கண்ணெதிரில் இன்னொருவர் பிரிப்பதில்லை. இப்படியொரு விதி இருப்பதாக யாரும் யாரிடமும் சொன்னதில்லை. மாமனார் மாலை நடைக்குக் கிளம்பி, வாசற்கதவு சாத்தப்படும் ஓசை கேட்ட பிறகுதான் மாமியார் பிளேடை வெளியில் எடுப்பார்.

பிரிக்கப்பட்டவை பெரும்பாலும் கைகள். பழங்கால உடைகளை அக்காலத்து வெட்டிலேயே தைத்து, ஆண்டிறுதியில் அருங்காட்சியகத் தோட்டத்தில் நடக்கும் கூடுகைக்கு அணிந்து செல்வது அக்குடும்பத்தின் வழக்கம். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்ற மாமனாரின் தையல் கோடு பிசகாது. ஆனால் முழங்கை வளைவு வைத்து வெட்டப்படும் பழைய கோட்டுக் கைகளை அவர் பொருத்தினால், வலது கை இடப்பக்கத்துக்கும் இடது கை வலப்பக்கத்துக்கும் போய்விடும். கோட்டின் உள்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு வேலை செய்வார். திருப்பியதை மட்டும் மறந்துவிடுவார். மாமியார் பிரிப்பார், மருமகள் மாற்றித் தைப்பாள், மாமனார் கூடுகையில் எல்லோருடைய தோளையும் தட்டிப் பார்த்துப் பெருமைப்படுவார்.

மருந்துக்கடை வேலை முடித்து வரும் மருமகளுக்குக் கிடைக்கும் தையல் நேரம் இந்த மறுதையலிலேயே கரைந்தது. அதற்கிடையில் கிடைத்த துண்டுப் பொழுதுகளில் தனக்கென ஒரு குதிரைச் சவாரிக் கோட்டின் உடற்பகுதியை அவள் தைத்து முடித்திருந்தாள். பாசிநிறப் பட்டு, கடையில் கடைசியாக எஞ்சியிருந்த துணி. வெட்டிய கைகள் இரண்டும் காகிதத்தில் சுற்றி அலமாரியில் இருந்தன. மூன்றாவது கைக்குத் துணி கிடையாது.

ஆண்டின் முதல் ஞாயிறு, திட்டம் போடும் நாள். மருமகளின் கணவன் வழக்கம்போல் நண்பர் வீட்டுக்கு நழுவிவிட்டான். மாமனார் பெரிய மேசையில் வரைபடத் தாளை விரித்து, மாதங்களுக்குக் கட்டம் போட்டார்.

"முதல் மூணு மாசம் உள்பாவாடையும் இடுப்புக் கச்சும்தான். அதத் தெச்சு மாட்டிக்காம மேல் உடுப்புக்கு யாரும் அளவெடுக்க வேண்டாம்," என்றார் மாமியார்.

"யாருமே பாக்காத துணிக்கு மூணு மாசமா?" என்றாள் நாத்தனார். வாயில் ஊசிகளைக் கவ்வியபடியே பேசுவதால் வீட்டில் அவள் பெயர் குண்டூசி.

"போன வருஷம் உள்ள ஒண்ணுமில்லாம அளவெடுத்துத் தெச்சியே ஒரு கவுன், அது இப்ப எங்க?"

"ஜன்னலுக்குப் போட்டிருக்கேன். நல்லாத்தான் தொங்குது."

மாமனார் அடுத்த கட்டத்துக்குப் போனார். "படைவீரன் கோட்டு. முன்னால பூரா பட்டன் காஜா. யார் எடுக்கறீங்க?"

"அன்னைக்கு எனக்கு வயித்து வலிப்பா."

"என்னைக்குன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"நீங்க என்னைக்குச் சொன்னாலும்," என்றாள் குண்டூசி.

மருமகள் சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்குவதற்குள் சொன்னாள்: "மாமா, இந்த வருஷமாவது என் கோட்டு முடியணும். நாலு வருஷமாச்சு."

"அதுக்கென்னம்மா, இதோ எழுதிட்டேன்." முதல் கட்டத்திலேயே எழுதினார். "கை வெக்கறத நான் பாத்துக்கறேன். உனக்குக் கடை வேலையே தலைக்கு மேல இருக்கு."

அன்பு தவிர அச்சொற்களில் வேறெதுவும் இல்லை. அதனாலேயே அவளால் மறுக்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய் மாமியாரிடம் நின்றாள்.

"வெக்கட்டும் விடு. எப்பவும் போல நாம பாத்துக்கலாம்," என்றார் மாமியார்.

"அத்தை, அது பட்டு. ஊசி போன எடம் மூடாது. பிரிச்சா தோள் பூரா புள்ளி புள்ளியா நிக்கும்."

"அதுக்காக? அந்த மனுஷன் முகத்துக்கு நேரா நான் போய்ச் சொல்லணுமா?" மாமியார் அடுப்பைத் தணித்தார். பேச்சும் அத்தோடு தணிந்தது.

சாப்பாட்டுக்குப் பின் மாமனார், பழைய படுக்கை விரிப்பில் ஒத்திகைக்காக மருமகள் வெட்டி மூட்டியிருந்த மாதிரிக் கோட்டுக்குக் கைகளை மெஷினில் ஓட்டி முடித்தார். மருமகள் அதை மாட்டிக்கொண்டாள். இரண்டு முழங்கைகளும் பின்னுக்கு இழுபட்டன. பறக்க ஆயத்தமாகும் வாத்தைப் போல நின்றாள்.

"கைய முன்னால நீட்டும்மா."

நீட்டிப் பார்த்தாள். வரவில்லை.

மாமனார் இரண்டடி பின்னால் போய் நின்று அளந்தார். "அந்தக் காலத்து வெட்டு அப்படி. எல்லாரும் நிமிந்துதான் நின்னிருக்காங்க."

"ஆமா ஆமா, நிமிந்துதான்," என்றார் மாமியார்.

குண்டூசி வாயிலிருந்த ஊசிகளை உள்ளங்கையில் துப்பினாள். "இப்படி நிமிந்து எப்படிப்பா சாப்பிட்டாங்க?"

"ஊட்டிவிட ஆள் இருந்திருக்கும்." மாமனார் மெஷினுக்குப் புதிய நூலைக் கோத்தார். பச்சை நூல். "சரியாத்தான் இருக்கு. பட்டை எடுத்துட்டு வாம்மா. கையோட கையா வெச்சுடறேன்."

அலமாரி மருமகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. மாதிரிக் கோட்டைச் சிரமப்பட்டுக் கழற்றி, மேசைமேல், அவருக்கு எதிரே விரித்தாள்.

"அத்தை, பிளேடு குடுங்க."

மாமியார் வாசற்கதவைப் பார்த்தார். "இப்பவா?"

"இப்பத்தான்."

மாமியார் கொடுக்கவில்லை, எடுப்பதைத் தடுக்கவும் இல்லை. டப்பாவிலிருந்து அவளே எடுத்துக்கொண்டு மாமனாரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, இது வலது கை. இடது தோள்ல இருக்கு. நீங்க எப்பவும் இப்படித்தான் வெக்கறீங்க. நீங்க வெளிய போனப்பறம் நாங்க பிரிச்சு மாத்தறோம். பட்டுல அப்படி மாத்த முடியாது."

மெஷின் சக்கரத்தின்மேல் இருந்த அவர் கை அப்படியே நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துணிக்கு அருகில் குனிந்தார்.

அவள் காத்திருக்கவில்லை. பிளேடின் முனையைக் கோட்டின் அக்குளில் நுழைத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முதல் தையலை அறுத்தாள்.