கத்தி அட்டை

அட்டையை இரண்டு கைகளாலும் பிடித்து லேசாக வளைத்துப் பார்த்தாள். நெளிவு அட்டைக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு தாள்களுக்கு நடுவே அலையலையாக ஓடும் வரிகள் எந்தத் திசையில் போகின்றனவோ, அந்தத் திசையில் சட்டென்று மடங்கிக் கொடுக்கும். குறுக்கே எவ்வளவு அழுத்தினாலும் முரண்டு பிடிக்கும். அதனால் ஓர் அட்டையை வரி நெட்டுவாக்கில் ஓடும்படியும் இன்னொன்றைக் குறுக்குவாக்கில் ஓடும்படியும் வைத்து, நடுவில் புத்தகத்தை வைக்க வேண்டும். தபால் மூட்டையின் அடியில் போய்ச் சிக்கினாலும், ஒன்று தளரும் இடத்தில் மற்றது தாங்கிக்கொள்ளும்.

பழைய காமிக்ஸ் புத்தகங்களைத் தபாலில் விற்கும் கம்பெனி அது. ஏழாம் நம்பர் மேஜையில் அவளுக்குப் பதினோரு வருடம். எல்லோருக்கும் அவள் அட்டைக்கா. மேனேஜருக்கு மட்டும் வெறும் அக்கா.

காமிக்ஸ் படிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் அறுபது வருடத்துத் தாள் என்ன செய்யும் என்று தெரியும். முதுகில் இருக்கும் இரண்டு பின்களில் துரு ஏறியிருக்கும். அழுத்தினால் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும். மூலைகள் பிஸ்கட் மாதிரி, இடித்தால் உதிரும். அதனால் பெட்டியின் சுவருக்கும் மூலைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விடுவாள். கண்ணாடி உறையின் மடிப்பை ஒட்டும் டேப் ஒருபோதும் வாய்ப்பக்கம் வரக்கூடாது. வாங்கியவர் புத்தகத்தை உருவும்போது அந்தப் பசை மேலட்டையைக் கவ்வி உரித்துவிடும். டேப்பின் நுனியைக் கொஞ்சம் மடித்துவிட்டால் பிரிப்பதற்குப் பிடி கிடைக்கும். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பாழாகித் திரும்பி வந்த புத்தகங்களைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

"இப்படிப் போர்த்திப் போர்த்தி அனுப்புறியே, உன் வீட்டுக்காரருக்கு இதுல பாதி கவனிப்பு உண்டா?" என்பார் பக்கத்து மேஜை அண்ணன்.

"அவரை எங்கேயும் தபால்ல அனுப்ப முடியலையே அண்ணே" என்பாள்.

அவள் கணவனுக்குச் சிறுநீரகம் போய் மூன்று வருடமாகிறது. வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். வேலை இருக்கும்வரை அந்த அட்டை. அட்டை இருக்கும்வரை அவர்.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவள் வைக்கும் கடைசிப் பொருள் கத்தி அட்டை. மூன்று விரல் அகலத்தில் கெட்டியான ஒரு துண்டு. பெட்டியின் இரண்டு மூடி இதழ்களும் சேரும் கோட்டுக்கு நேர் கீழே அது படுத்திருக்கும். ஆசையாய்ப் புத்தகம் வாங்குகிறவன் பொறுமையாகப் பிரிப்பதில்லை. கத்தியை எடுத்து அந்தக் கோட்டில் ஒரே இழுப்பாக இழுப்பான். கத்தி இந்தத் துண்டில் பட்டு நிற்கும். அவள் கண்டுபிடித்த துண்டு இது. பிறகு எல்லா மேஜைகளிலும் வைத்தார்கள், சுவரில் ஒட்டிய பட்டியலிலும் ஒன்பதாவதாக ஏறியது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் புதிய பட்டியல் வந்தது. அதில் எட்டோடு முடிந்திருந்தது. அந்தத் துண்டால் பொட்டலத்தின் எடை அடுத்த படிக்குப் போய்த் தபால் கட்டணம் ஏறுகிறதாம். அவள் மேனேஜரிடம் போய், கத்தி எப்படி இறங்கும் என்று ஒரு காலிப் பெட்டியை வெட்டியே காட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, மேலிடத்து முடிவு என்றார். நான்கு நாள் கழிவு அட்டையில் வெட்டித் திருட்டுத்தனமாக வைத்தாள். தராசு காட்டிக் கொடுத்தது. பேக்கிங் விதியை மீறினாள் என்று மட்டும் சொல்லி எச்சரிக்கை ஒன்று எழுத்தில் வந்தது. இரண்டாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார்கள்.

அதன்பிறகு ஒரு நாள், நீருக்கடியில் குதிரை ஓட்டும் வீரனின் முதல் இதழ் அவள் மேஜைக்கு வந்தது. அவளுடைய இரண்டு வருடச் சம்பளத்தைவிட விலை கூடுதல். துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். தராசைப் பார்த்தாள். துண்டைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் பெட்டியை மூடினாள்.

அந்தப் புத்தகம்தான் இப்போது மேனேஜரின் மேஜைமேல் கிடந்தது. அவளை வரச்சொல்லி ஆள் விட்டிருந்தார். குதிரையின் கழுத்துக்குக் குறுக்கே மேலட்டை பிளந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். கோணல் இல்லாத நேர்கோடு. வலப்பக்கம் ஆழம், போகப்போக மேலோட்டம்.

"கத்தி சார். வலது கைக்காரர். ஒரே இழுப்பு. மூலை நாலும் அப்படியே இருக்கு பாருங்க, வழியில ஒண்ணும் ஆகல" என்றாள்.

"தெரியும்க்கா."

அவர் ஒரு தாளை நகர்த்தி வைத்தார். பேக்கிங் பட்டியலின் ஒன்பதாவது பொருளை வைக்க மறந்துவிட்டேன், தவறு என்னுடையது என்று அச்சடித்திருந்தது. கீழே அவளுடைய மேஜை நம்பர். வேலையாள் மறதியால் சேதமானால் காப்பீட்டுக்காரர்கள் முழு விலையும் தருவார்கள், கம்பெனியே துண்டை எடுக்கச் சொன்னது என்றால் ஒன்றும் தரமாட்டார்கள் என்று மேனேஜர் விளக்கினார். அவள் கண்ணாடித் தடுப்பு வழியாகக் கூடத்தைப் பார்த்தாள். சுவரில் பழைய பட்டியல் திரும்ப ஏறியிருந்தது. ஒட்டிய ஆள் ஏணியில் நின்று மூலைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நான் மறக்கல சார். வைக்கணும்னு உங்ககிட்ட வந்து சொன்னவளே நான்தான்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சா போதுமா? எழுத்துல என்ன இருக்கு? நீங்க வாங்கின எச்சரிக்கை மட்டும்தான் இருக்கு."

"கையெழுத்துப் போட்டா வேலை இருக்குமா?"

"மேல பேசறேன். போடலைன்னா இன்னிக்கே கணக்கு முடிக்கச் சொல்லிட்டாங்க."

இன்றைக்கு என்ன கிழமை என்று யோசித்தாள். நாளைக்குக் கணவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் முறை. பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது உட்காரவில்லை.

"தப்பு பண்ணின ஆளை வெச்சிருந்தா அடுத்த வருஷம் காப்பீடே தரமாட்டாங்களாம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மாசக் கடைசி வரைக்கும் வாங்கக்கா. அதுவரைக்கும் மருத்துவ அட்டையை யாரும் தொட மாட்டாங்க."

மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளில் நான்கு முறை. அதற்குமேல் அவளுக்கு எண்ண வரவில்லை.

"இன்னொண்ணு. புத்தகத்தையும் இந்த லெட்டரையும் இன்னிக்கே காப்பீட்டுக்காரங்களுக்கு அனுப்பணும். நீங்களே கட்டிக் கொடுத்துடுங்க. இதுக்குமேல ஒரு கீறல் விழுந்தாலும் பணம் தரமாட்டானுங்க. மத்தவங்க கையில கொடுக்க எனக்கு பயமா இருக்கு."

இரண்டையும் ஏந்திக்கொண்டு ஏழாம் மேஜைக்கு வந்தாள். பிளந்த மேலட்டையின் விளிம்புகள் ஒன்றோடொன்று உரசாதபடி மெல்லிய தாளைச் செருகிப் புத்தகத்தை உறையில் இட்டாள். அட்டைகளை வரி பார்த்து வைத்தாள். கடிதம்தான் மிச்சம். ஒற்றைத் தாள், தனியாகப் போனால் கசங்கிவிடும். அதற்கும் ஓர் உறையும் பின்னட்டையும் எடுத்தாள்.

உள்ளே நுழைக்கப் போனவள் நிறுத்தினாள். கையெழுத்தின் கடைசி எழுத்தில் மை திரண்டு இன்னும் பளபளத்தது. இப்போது செருகினால் உறையில் ஒட்டி இழுபட்டு, யார் போட்டது என்றே தெரியாமல் போய்விடும். தாளை மேஜையில் தட்டையாக வைத்துக் குனிந்து மெல்ல ஊதினாள். மறுபடி ஊதிவிட்டு, மை காயும்வரை பக்கத்திலேயே நின்றாள்.