பாப்பா மார்க்

இருபத்தோரு வயது நிறைந்த அன்று காலை அவளுக்கு இரண்டு மரியாதைகள் கிடைத்தன. ஒன்று, சோப்புத் தொழிற்சாலையின் இயக்குநர் அறையில் ஒரு நாற்காலி. மற்றது, அதன் மேல் ஒரு மெத்தை. மெத்தை இல்லாவிட்டால் மேஜைக்கு மேல் தலை தெரியாது என்று சித்தப்பா நினைத்திருக்க வேண்டும். அவரைப் பொறுத்தவரை அவளுக்கு இன்னும் ஐந்து வயது. ஊரைப் பொறுத்தவரையும்தான். அப்பா தொடங்கிய பாப்பா மார்க் சோப்பின் உறையில், குதிரை வண்டி போகிற தெருவெல்லாம், அவளுடைய ஐந்து வயது முகம் கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆறு வருடம் முன்பு இறந்த அப்பாவின் உயில்படி தொழிற்சாலை இன்று முதல் அவளுடையது. சித்தப்பா நீட்டிய பத்திரத்தின்படி, நிர்வாகம் ஆயுள் முழுக்கச் சித்தப்பாவுடையது.

“படிக்கல்லாம் வேணாம் கண்ணு. வக்கீலே படிச்சுட்டார். கையெழுத்து மட்டும் போடு.”

மேஜையைச் சுற்றி நான்கு இயக்குநர்கள். ஒருவர் விழித்திருந்தார்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு சோப்புக் கட்டியை எடுத்துப் பத்திரத்தின் மேல் வைத்தாள்.

“நம்ம வீட்ல இந்தச் சோப்புல துணி துவைக்கிற அக்கா கையப் பாத்தீங்களா? தோல் உரிஞ்சு கெடக்கு.”

“வேலக்காரி கை வேற எப்படி இருக்கும்?”

அவளுக்குக் காது மடல் எரிந்தது. அப்பா காலத்தில், கொப்பரையில் கொதிக்கிற சோப்பில் ஒரு துளியை ஆறவைத்து, நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துத்தான் இறக்குவார்கள். சோடாக் காரம் அடங்காவிட்டால் நாக்கைச் சுள்ளென்று கடிக்கும்; கைத்தோலையும் உரிக்கும். அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நாக்கை நீட்டச் சொல்வார். அம்மா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள். நான்கு நாள் காய்ச்சுவதை இரண்டு நாளாக்கிய சித்தப்பா, அதற்கு ‘நவீன முறை’ என்று பெயர் வைத்திருந்தார்.

“நாக்க நீட்டுங்க சித்தப்பா.”

“என்னம்மா வெளையாட்டு இது?”

“எம் மூஞ்சியப் போட்டுத்தான விக்கிறீங்க? ஒரு தடவ நக்கிப் பாருங்க.”

சித்தப்பா நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். விழித்திருந்த இயக்குநர், காலை உணவு சாப்பிடாமல் வந்தவரோ என்னவோ, கட்டியை எடுத்து நக்கினார். அடுத்த கணம் அவர் போட்ட சத்தத்தில் மற்ற மூவரும் விழித்து, தீர்மானம் நிறைவேறிவிட்டதாக எண்ணிக் கைதட்டினார்கள்.

“பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ கோவம் ஆகாது” என்றார் சித்தப்பா. “நாளைக்கு எவன் கட்டிக்குவான்?”

“என்னயும் ஒரு உறை போட்டு வித்துருங்க.”

பத்திரத்தை நான்காகக் கிழித்துவிட்டு இரும்புப் படிகளில் இறங்கினாள். கீழே கொப்பரை அறை ஆவியில் மங்கியிருந்தது. இரண்டு நாள் காய்ச்சிய சோப்பை அச்சுக்கு இறக்க, மேஸ்திரி குழாயைத் திறக்கும் சக்கரத்தில் கை வைத்திருந்தார்.

“எறக்காதீங்க. இன்னும் ரெண்டு நாள் கொதிக்கட்டும்.”

“எறக்குய்யா!” மேல் படியிலிருந்து சித்தப்பாவின் குரல். “ஆறு வருஷமா யாருக்கு வேல பாக்குற நீ?”

மேஸ்திரி மேலே பார்த்தார். அவளைப் பார்த்தார். அங்கிருந்த நாற்பது தொழிலாளர்களும் வேலையை நிறுத்திவிட்டு அவருடைய கையைப் பார்த்தார்கள்.

அவள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த, சோப்பைக் கிண்டும் துடுப்பை எடுத்தாள். அவளைவிட ஒரு முழம் உயரம். மேடையில் ஏறி, அதைக் கொப்பரைக்குள் இறக்கி, முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினாள். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு அந்த மஞ்சள் குழம்பு, கனமாக, விருப்பமே இல்லாமல், ஒரு பக்கமாக நகரத் தொடங்கியது. மேஸ்திரியின் கை இன்னும் சக்கரத்தில்தான் இருந்தது; அதைத் திருப்பவில்லை.