இரண்டு தட்டு என்றால் நில்

என் புருசன் ஸஜ்ஜாத் கிண்ணியாவிலிருந்து கொழும்பு வரைக்கும் மீன் லொறியைத் தூக்கத்தில்கூட ஓட்டுவார். ஆனால் பின்னுக்கு ஒரு முழம் எடுக்கச் சொன்னால் இறங்கி நின்று வேறு ஆளைக் கூப்பிடுவார். ஆறேழு மாதமாக இதே கூத்துத்தான். ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு நான் நின்ற இடத்திலேயே நல்ல பதில் கொடுத்திருக்கிறேன்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். வள்ளங்கள் மீன் இறக்குகிற எங்கள் ஜெட்டியில் லொறி பின்னுக்கு வரும்போது, பின்னால் நிற்கிற ஆள் லொறியின் பக்கத்தில் கையால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் நில். ஐஸ் அரைக்கிற மெசினும் ஏலம் கூறுகிறவர்களும் போடுகிற சத்தத்தில் வாயால் சொன்னால் எவருக்கும் கேட்காது. அன்றைக்கு யாரோ ஒருவன் ஐஸ் பெட்டியைக் கொண்டுபோய் லொறியில் இடித்துவிட்டான். 'வா' என்கிறார்கள் என்று ஸஜ்ஜாத் நினைத்தார். வந்தார். பின்னால் குனிந்து மீன் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நஸ்ரியின் கால் சுவருக்கும் லொறிக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டது.

நஸ்ரி பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். நடக்கும்போது கொஞ்சம் சாய்வான், அவ்வளவுதான். இப்போதும் அதே ஜெட்டியில்தான் வேலை செய்கிறான். தேறாதவர் என் புருசன்தான்.

லொறி முதலாளி மஹ்ரூப் ஹாஜியார் நல்ல மனிசன். நோன்பு தொடங்குவதற்கு முன் வீட்டுக்கே வந்து, கதிரையில் இருந்து, மெதுவாகத்தான் சொன்னார்.

"பெருநாள் வரைக்கும் பார்ப்பன் தம்பி. அதுக்குப் பிறகும் பின்னுக்கு எடுக்க ஏலாதெண்டா, சாவிய வேற ஆளுக்குக் குடுக்கத்தான் வேணும். கோவிக்கப்படா."

"ஓம் ஹாஜியார்" என்று ஸஜ்ஜாத் தரையைப் பார்த்தார். வண்டியின் பின்பக்கத்தை ஓட்டுகிறவருக்குத் திரையில் காட்டுகிற வாகனக் கமரா செய்வது என் தொழில். அன்புவழிபுரத்தில் நானும் நிசாந்தனும் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறோம். கமராவுக்குள் இருக்கிற சேர்க்கிட் போர்டை நான் வரைவேன். கூடு செய்து பொருத்துவது அவர் வேலை. ஊரில் பாதி வானுக்குக் கமரா பூட்டிய எனக்கு என் புருசனின் லொறிக்கு ஏலாதா?

முன்பே ஒன்று பூட்டினோம்தான். சவர்க்காரப் பெட்டியளவு கமரா. அதன் பாரத்துக்குத் திரையில் ஜெட்டி முழுவதும் குலுங்கியது. ஒரு கிழமைக்குள் ஐஸ் பெட்டி ஒன்று அதையும் தட்டிக்கொண்டு போயிற்று. மீன் லொறியில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற எதுவும் மிஞ்சாது. மிஞ்சுவது பின் லைட் மட்டும்தான், அதற்கு இரும்புக் கம்பிக் காவல் இருக்கிறது. கமரா அந்த லைட்டுக்குள் போக வேண்டும்.

லைட்டுக்குள் மிச்சமிருந்த இடம் ஒரு பேரீச்சம்பழம் வைக்கிற அளவு. எங்கள் போர்டோ இரண்டு மாடி. மேல்மாடியில் கமராவின் கண், கீழ்மாடியில் லொறி பற்றரியின் மின்சாரத்தைக் கண்ணுக்கு ஏற்றபடி குறைக்கிற பகுதி. குறைக்கும்போது அது கொதிக்கும், அதைத் தணிக்க ஒரு அலுமினியக் கட்டி. பாரம் முழுக்க அந்தக் கட்டிதான். கொதிக்கவிட்டுத் தணிப்பானேன் என்று குறைக்கிற முறையையே மாற்றினேன். மின்சாரத்தை வேகவேகமாக அடைத்துத் திறக்கிற சின்ன சிப் ஒன்று, பக்கத்தில் மிளகளவு கம்பிச்சுருள். கட்டி போயிற்று. இரண்டு மாடியும் ஒரே போர்டாயிற்று. ஆனால் திரையில் கோடு கோடாக விழுந்தது. சுருளைக் கண்ணுக்குப் பக்கத்தில் குடிவைத்த வினை. சுருளை மூலைக்குத் தள்ளி, இடையில் தடுப்பாகச் செம்பை விரித்து, திரும்பவும் வரைந்தேன். கோடு மறைந்தது. அன்று நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தின் பக்கத்தில் போர்டை வைத்துப் பார்த்தேன். பழம்தான் பெரிது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது.

பூட்டினோம். ஸஜ்ஜாத் சில நாள் திரையைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு ஒரு காலை, ஆளில்லாத இடத்தில், துணிந்து றிவேர்ஸ் கியரைப் போட்டார். திரை ஒருமுறை மினுங்கிக் கறுத்துப் போயிற்று.

அவர் எஞ்சினை நிறுத்தினார். "பாத்தியா புள்ள? என்னால ஏலாது. விடு."

லைட்டைக் கழற்றினேன். குப்பென்று ஒரு புளிப்பு மணம். என் செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. லைட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"நிசாந்தன், இதை மணந்து பாருங்கோ."

மணந்தார். முகம் வெளிறியது. "வினாகிரி மாதிரி..."

"என்னத்தை விட்டு அடைச்சனீங்கள்?"

"வள்ளத்துக்குப் பூசுற சிலிக்கோன்தான். தண்ணி போகப்படாதெண்டு."

எங்கள் பக்கத்தில் எது ஒழுகினாலும் அந்த ரியூப்தான். வள்ளம், தண்ணீர்த் தாங்கி, குளியலறை எல்லாவற்றுக்கும் அதுதான். காயும்போது அது விடுகிற புளிப்பு, பலகையை ஒன்றும் செய்யாது. செம்பை அரித்துவிடும்.

"நான் அனுப்பினது போர்ட். நீங்கள் போட்டது வினாகிரி அச்சாறு!" என்று கத்தினேன். அன்றைக்கே அவர் புதுப் போர்டுக்கு மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும் அடித்தார். தண்ணீரை லைட்டின் ரப்பர் விளிம்பு பார்த்துக்கொள்ளும். சிலிக்கோனின் பாரமும் ஒழிந்தது. கமராவைத் தூக்கிப் பிடிக்கத் தகடுகூடத் தேவைப்படவில்லை. லைட்டின் கூட்டிலேயே ஒட்டி நின்றது. உப்புத் தண்ணீர் அடித்தோம், கல் ரோட்டில் ஓட்டினோம். படம் அசையவில்லை.

பெருநாளுக்கு முதல்நாள் காலை ஜெட்டியில் நிற்க இடமில்லை. ஹாஜியாரும் வந்திருந்தார். இரண்டு லொறிகளுக்கு நடுவில் ஒரு லொறி புகுகிற இடம், அதன் முடிவில் அந்தச் சுவர். ஸஜ்ஜாத் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். நான் ஜன்னலோரம் நின்றேன்.

அப்போதுதான் நஸ்ரி ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதே சுவரடியில் போய்க் குந்தினான்.

"டேய் விசரா, எழும்புடா!" என்று கத்தினேன்.

"ராத்தா, அவருக்கு நான் தெரியிறனா எண்டு கேளுங்க!"

கேட்டேன். ஸஜ்ஜாத் திரையை உற்றுப் பார்த்தார்.

"தெரியுது" என்றார். இன்னும் கிட்டக் குனிந்து, "தொப்பி சரிஞ்சு கிடக்கு."

அவரே கியரைப் போட்டார். லொறி பின்னுக்கு நகர்ந்தது. தட்ட வந்த ஆட்களைக் கைகாட்டி நிறுத்தினேன். பாதி வழியில் யாரோ ஒரு ஐஸ் பெட்டியைத் தொம்மென்று லொறியில் இடித்தான். எனக்கு உயிர் போய் வந்தது. என் புருசன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் திரையில் இருந்தது. லொறி அதே வேகத்தில், நேராக, யாரும் சொல்லாமல் போய், நஸ்ரிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

நஸ்ரி இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, லொறியில் தட்டினான். ஒன்று. இரண்டு.

ஸஜ்ஜாத் ஜன்னலால் தலையை வெளியே போட்டார். "அதான் நிண்டுட்டனேடா! இனி என்னத்துக்குத் தட்டுறாய்?"

ஜெட்டியே சிரித்தது. ஹாஜியார் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த முறை நான் எவருக்கும் பதில் கொடுக்கவில்லை.