எல்லோருக்கும் கேட்ட சத்தம்

ஆலையின் புகைபோக்கியிலிருந்து கரும்புச் சக்கைக் கரி மைதானத்தின்மேல் உதிர்ந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கோடுகளின் மேல் விழுந்ததை இரண்டு பேர் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். உடை மாற்றும் அறையில், மரப் பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தான் ராதாமேஸ் பிச்சார்டோ. மசாஜ்காரர் நாச்சோ அவனுடைய வலது முழங்கையில் களிம்பை அள்ளி அப்பித் தேய்த்தார். மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. அந்த எரிச்சல் அவனுக்கு வேண்டியிருந்தது. அது இருக்கிற வரைக்கும் உள்ளே இருக்கிற வலி கொஞ்சம் ஒதுங்கி நிற்கும்.

“விரலை மடக்கு,” என்றார் நாச்சோ.

மடக்கினான். நான்கு விரல்கள் மடங்கின. சுண்டுவிரல் யோசித்துவிட்டு வந்தது.

“மரத்துப் போச்சா?”

“போன வாரத்துலேர்ந்து.”

நாச்சோ கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “என்கிட்ட சொல்லாதப்பா. நான் கேக்கவும் இல்ல, நீ சொல்லவும் இல்ல. ஆலை டாக்டர் படம் எடுத்துப் பாத்து எலும்புல ஒண்ணும் இல்லேன்னுட்டாரு. நான் யாரு?”

எலும்பில் வலிப்பதாக ராதாமேஸ் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம் வந்த நாளிலிருந்து அணியில் பேச்சு மாறிவிட்டது. முதுகுக்குப் பின்னால் ‘கண்ணாடிக் கை’ என்றார்கள். மேனேஜர் ருத்திலியோ முகத்துக்கு நேராகவே சொன்னார்: “வலி உன் கையில இல்ல ராதா, தலையில இருக்கு.”

இந்தப் பேச்சை அவன் கேட்கும் முதல் ஊர் இதுவல்ல. பதினாறு வயதில் அமெரிக்க பேஸ்பால் குழு ஒன்று அவனை எடுத்தது. அந்தப் பணத்தில், டொமினிக்க நாட்டில் சொந்த ஊரான சான் பெத்ரோவில் அம்மாவுக்குச் சிமெண்டு வீடு எழும்பியது. இருபதில் முழங்கைத் தசைநார் போயிற்று. மணிக்கட்டிலிருந்து ஒரு நாரை உருவி அங்கே ஒட்டுப் போட்டார்கள். ஆறி வந்தவனிடம் பழைய வேகம் இல்லை என்று கண்டதும், ஒரு காலையில் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கூப்பிட்ட ஊரெல்லாம் அவன் ஊர். நிகராகுவாவில் குதிரைக்குப் போடும் தைலத்தைத் தடவிக்கொண்டு எறிந்தான். தைவானில் தோளிலிருந்து விரல்வரை ஊசி குத்தி வைத்தார்கள். அங்கே ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொன்னால் அவனுக்கே புரியாது, பக்கத்தில் இருப்பவன் இடித்துச் சொல்லவேண்டும். இத்தாலியில் ஒரு கடலோர ஊரில் வாரக் கடைசியில் பந்து, மற்ற நாட்களில் ஓட்டல் சுவர்களுக்கு வெள்ளையடிப்பு. இப்போது முப்பத்துநான்கு வயதில், மெக்சிகோவின் வளைகுடாப் பக்கத்தில், சர்க்கரை ஆலைக்காரர்கள் நடத்தும் இந்த அணி. பந்து எறியும் பிட்சர் ராதாமேஸ். வெளிநாட்டான்.

பிரச்சினையே அந்த ‘வெளிநாட்டான்’தான். ஒரு அணியில் இத்தனை வெளிநாட்டவர்தான் இருக்கலாம் என்று விதி. புதியவன் வேண்டுமென்றால் பழையவன் போகவேண்டும்.

“கேட்டுக்கோ, கிழவா,” என்றான் கோயோ, முழங்காலுக்குக் கவசம் கட்டியபடியே. கோயோ வெனிசுவேலாக்காரன், எறிகிற பந்தை மட்டைக்குப் பின்னால் குந்திப் பிடிக்கும் கேட்சர். ராதாமேஸைவிட இரண்டு வயது மூத்தவன். இருவருமே ஒருவரை ஒருவர் கிழவன் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். “அடிபட்டுப் போனேன்னா உனக்கு ஆபரேஷனும் சீசன் முடியிற வரைக்கும் சம்பளமும் ஆலை குடுத்தாகணும். சரியா ஆடலேன்னா ஒரு பஸ் டிக்கெட்டு, அவ்வளவுதான். அதான் இன்னிக்கு உன்னை எறக்குறாங்க. உன் பந்தை நாலு பேர் நல்லா அடிச்சுட்டாங்கன்னா நாளைக்கே மூட்டை கட்டிடுவாங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா போறே? வலிக்குதுன்னு உக்காரேன்.”

“உக்காந்தா, ஆட மாட்டேன்னுட்டான்னு எழுதுவாங்க.” ராதாமேஸ் எழுந்து சட்டையை மாட்டினான். பிறகு சொன்னான்: “கோயோ, ஒருவேளை அவங்க சொல்றது நெசமா இருந்தா? எனக்கே பயம்தானோ என்னமோ. ராத்திரி படுத்தா, வலிக்குதா, வலிக்கிற மாதிரி நெனைக்கிறேனான்னு எனக்கே தெரியல.”

கோயோ கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தான். அவனோ முகக் கவசத்தை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

முதல் மூன்று இன்னிங்ஸை ராதாமேஸ் தந்திரத்தால் ஓட்டினான். வேகம் வராது என்று தெரிந்து, பந்தை ஓரத்தில் ஓரத்தில் வைத்தான். ஆலை ஷிப்டு முடிந்து வந்தவர்கள் வேர்க்கடலையை உரித்தபடி மரப் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். “டேய் டொமினிக்கா, கடிதாசு போடறியா, பந்து போடறியா? எப்ப வந்து சேரும்?” என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். ராதாமேஸும் சிரித்தான். நல்ல கேள்விதான்.

நான்காவது இன்னிங்ஸில் எதிரணியினர் இரண்டு பேர் தளங்களில் ஏறி நின்றார்கள். கோயோ கால்களுக்கிடையே விரல் காட்டினான்: வளைந்து இறங்கும் பந்து. அதற்கு முழங்கையை முறுக்கவேண்டும். ராதாமேஸ் தலையாட்டினான். காலைத் தூக்கி, கையைச் சுழற்றி, விட்டான்.

காய்ந்த மரக்கிளையைத் தொடையில் வைத்து ஒடிப்பதுபோல் ஒரு சத்தம்.

பந்து அம்பயரின் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. ராதாமேஸ் பந்தெறியும் மண்மேட்டிலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். வலது கை அவனுடையதில்லாததுபோல் மடியில் கிடந்தது. கோயோ கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தான்.

“கேட்டுச்சா?” என்றான் ராதாமேஸ்.

“கேட்டுச்சு.”

“நெசமாவா? உனக்குக் கேட்டுச்சா?”

“எனக்கு மட்டுமா? கடலைக்காரிக்கே கேட்டிருக்கும்டா.”

ராதாமேஸ் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, உதடு வெளுத்திருந்தது, ஆனாலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. எத்தனையோ நாட்களாக நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து போய்விட்டதுபோல் இருந்தது. வலி தலையில் இல்லை. கையில்தான் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை.

ருத்திலியோ மெதுவாக நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் ஆலை அலுவலகத்து ஆள் ஒருவர், வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு.

“தசைப் பிடிப்பு,” என்றார் ருத்திலியோ அம்பயரிடம். “ரிப்போர்ட்டுல அப்படிப் போட்டுக்கங்க, பிளாஸ். பாதியில எறங்கிட்டான்னு எழுதினாப் போதும்.”

அம்பயர் பிளாஸ் பெருத்த ஆள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை ஊரே அவரைக் குருடன் என்று திட்டும்.

“ருத்திலியோ ஐயா,” என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே, “என் கண்ணைப் பத்தி நீங்க என்ன வேணாலும் சொல்லலாம். எங்க அம்மாவை இழுக்காம இருந்தாச் சரி. காதைப் பத்தி இன்னிவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல. கை அறுந்துச்சு. அதைத்தான் எழுதுவேன்.”

“வேற யாராவது கேட்டாங்களா?” என்றார் ஆலைக்காரர், சுற்றிப் பார்த்து.

உள்வட்டத்தில் நின்ற நான்கு பேரும் காலடி மண்ணைப் பார்த்தார்கள். கோயோவும் வெளிநாட்டவன்தான். அவன் சம்பளமும் அதே ஜன்னலில்தான் வருகிறது.

“நான் கேட்டேன்,” என்றான் கோயோ. “எங்க வேணாலும் வந்து சொல்றேன்.”

அதற்குப் பிறகு அந்த நால்வரில் முதல் தளத்தைக் காத்து நின்றவன் கையைத் தூக்கினான். உள்ளூர்ப் பையன். பிறகு, யாரும் எதிர்பாராமல், எதிரணியின் மட்டைக்காரன், “எனக்கும் கேட்டுச்சு” என்றான். ஆலைக்காரர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் துறைமுக நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்தார். ஆலையிலிருந்து துணைக்கு அனுப்பிய குமாஸ்தா சுவரோரமாக நின்றார்.

“பழைய ஒட்டு முழுசா அறுந்துடுச்சு. நரம்பையும் அழுத்திக்கிட்டிருக்கு. ஆனா இது நேத்து ஆரம்பிச்சதில்ல.” அவர் பேனா முனையால் காட்டினார். “இங்க பாருங்க, பாதி கிழிஞ்சு மாசக்கணக்காகுது. இதை வெச்சுக்கிட்டு எப்படி எறிஞ்சீங்க?”

“இன்னொரு தடவை சொல்லுங்க, டாக்டர்,” என்றான் ராதாமேஸ்.

“எதை?”

“மாசக்கணக்காங்கறதை. இவரு காதுல விழற மாதிரி.”

டாக்டர் அவனையும் குமாஸ்தாவையும் பார்த்தார். பிறகு, கொஞ்சம் சத்தமாகவே, திரும்பச் சொன்னார். ஆபரேஷன் செய்தால் கை வேலைக்கு ஆகும், விரல் உணர்ச்சி திரும்பிவிடும், பிள்ளையைத் தூக்கலாம், சுத்தியல் பிடிக்கலாம் என்றார். பந்து எறிவது மட்டும் முடிந்துவிட்டது.

இந்த வார்த்தையை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பதினான்கு வருடமாக ஒவ்வொரு ஊரிலும் பயந்திருக்கிறான். சொல்லியாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கப்பல் ஹாரன் அடித்தது. அவனுக்குத் திடீரென்று பசித்தது.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, இடது கையால் தட்டுத் தடுமாறி மனைவியைக் கூப்பிட்டான். மிலேதி சான் பெத்ரோவில் வீட்டு முன்னறையிலேயே பெண்களுக்கு முடி திருத்துகிறாள். பின்னால் டிரையர் இரைந்தது.

“என்ன சொன்னாங்க?”

“அறுந்துடுச்சு. இனிமே எறிய முடியாதாம்.”

டிரையர் சத்தம் நின்றது.

“கடவுளே, உனக்குக் கோடி நன்றி,” என்றாள் மிலேதி.

“அடிப்பாவி, என் கை போச்சுங்கறேன். நன்றிங்கறே?”

“கை எங்க போச்சு? அந்த எழவெடுத்த பந்துதான் போச்சு.” அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. “ஒவ்வொரு ஆட்டத்தன்னிக்கும் நான் ரேடியோவை அணைச்சுட்டு உக்காந்திருக்கேன், தெரியுமா உனக்கு? காசு யார் போடறா?”

“ஆலைதான். அம்பயர் எழுதிட்டாரு, கோயோ சாட்சி சொன்னான். மறுக்க முடியல.”

“கோயோவுக்கு நான் ஒரு பானை சாங்கோச்சோக் குழம்பு வெச்சு ஊட்டி விடுவேன். கறியெல்லாம் அவனுக்கே.” மூக்கை உறிஞ்சினாள். “பிப்ரவரிக்கு முன்னால வந்துடுவியா? உன் பொண்ணுக்குப் பதினஞ்சு வயசாகுது. விழாவுல அப்பாவோட டான்ஸ் ஆடணுமாம். ஒரு கை போதும்னு சொல்லிட்டேன்.”

“ஒரு கை போதும்,” என்றான் ராதாமேஸ்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு, வியாழக்கிழமை பஸ்ஸில் ஆலை ஊருக்குத் திரும்பினான், பெட்டியை எடுத்துப்போக. கை, கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியது. பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினான். ரொட்டிக் கடைக்கு மேலே அவன் தங்கியிருந்த அறையின் கதவு திறந்திருந்தது. அவன் கட்டிலில் வேறொருவனின் பை கிடந்தது. கண்ணாடி முன்னால் நெடுநெடுவென்று ஒரு இளைஞன் நின்றிருந்தான்.

“நீங்கதானே ராதாமேஸ்? மன்னிச்சுக்கங்க அண்ணே, ரூமைக் குடுத்துட்டாங்க. உங்க சாமானெல்லாம் மடிச்சு வெச்சிருக்கேன்.” கியூபாக்காரன், பெயர் யோஸ்வானி. காலை பஸ்ஸில்தான் வந்து இறங்கியிருந்தான். “இங்க ஒரு சீசன் நல்லா எறிஞ்சுட்டேன்னா, வடக்கே அமெரிக்காவுல திரும்பக் கூப்பிடுவாங்க. எங்க மாமா சொன்னாரு.”

“நல்லது. எந்தக் கை?”

“வலது.”

கீழே வண்டி ஹாரன் அடித்தது. ருத்திலியோவின் குரல் கேட்டது: “புதுசு! இன்னிக்கே எறியணும், எறங்கி வா!”

“இதோ!” என்றான் யோஸ்வானி. அவன் போட்டிருந்தது அணிச் சட்டை. முதுகில் எழுத்துகளைப் பிரித்தெடுத்த இடத்தில் தையல் துளைகள் தெரிந்தன. பிச்சார்டோ என்று இன்னும் படிக்க முடிந்தது. கழுத்துப் பொத்தானைப் போட வலது கையைத் தூக்கினான். கை மார்பு உயரத்தில் நின்றுவிட்டது. கண்ணாடியில் ராதாமேஸைப் பார்த்துச் சிரித்தான்.

“பஸ்ஸுல கோணலாத் தூங்கிட்டேன் அண்ணே.”

மறுபடி தூக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டான். ஹாரன் விடாமல் அடித்தது.

ராதாமேஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவன் எதிரில் நின்றான். யோஸ்வானி மோவாயைத் தூக்கிக் கொடுத்தான். ராதாமேஸ் தன் இடது கையால், பழக்கமில்லாத விரல்களால், அந்தப் பொத்தானைத் துளைக்குள் தேடித் தேடிப் போட்டுவிட்டான்.