பீரங்கி ஏறிய கான்

ஷாவெர்தி கானின் குடும்பத்தில் ஆண்கள் நடப்பதில்லை. படுக்கையிலிருந்து வாசல்வரை நடக்கலாம், பள்ளிவாசலுக்குள் நடக்கலாம். மற்றதெல்லாம் குதிரைமேல்தான். அவருடைய பாட்டனார் பக்கத்து வீட்டு விருந்துக்குக்கூடக் குதிரையில் போய், அது திரும்ப இடமில்லாமல் அந்த வீட்டுச் சுவரை இடிக்க வைத்தவர். அதைக் குடும்பத்தில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். சுவரைக் கட்டிக் கொடுத்தார்களா என்பதை யாரும் சொல்வதில்லை.

அப்படிப்பட்ட குடும்பத்தின் ஒரே ஆண் வாரிசு, கானின் செத்துப்போன தம்பியின் மகன் நஜஃப்குலி, பாரசீகத்தின் தப்ரீஸ் கோட்டை மைதானத்தில் இருநூறு பேரோடு வரிசையில் நின்று முழங்காலைத் தூக்கித் தூக்கி நடந்துகொண்டிருந்தான்.

பட்டத்து இளவரசர் அராஸ் ஆற்றங்கரையில் உருசியர்களிடம் பல கோடைகள் அடி வாங்கியபின் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அடிப்பவனைப் போலவே உடுத்தி, அவனைப் போலவே நடந்தால், திருப்பி அடித்துவிடலாம். அதற்காகப் பரங்கி வாத்தியார்களை வரவழைத்து, புதுப்படை என்று பெயர் வைத்து, நல்ல வீட்டுப் பிள்ளைகளுக்கு இறுக்கமான கால்சட்டையை மாட்டிவிட்டிருந்தார். அந்தக் கால்சட்டையோடு பெரியவர்கள் முன் மண்டியிட்டு உட்கார்ந்தால் பின்பக்கம் கிழியும். அதனால் புதுப்படைக்காரர்கள் யார் வீட்டுக்கும் போவதை விட்டுவிட்டார்கள்.

கான் குதிரையைவிட்டு இறங்கினார். கடிவாளத்தைக் குதிரைக்காரன் கெரீமிடம் கொடுத்து, "தண்ணி காட்டிக் கூட்டிட்டு வா. இங்க வேலை ரொம்ப நேரம் ஆகாது" என்றார்.

வரிசை அவர் பக்கம் திரும்பியது. நஜஃப்குலியின் முகவாய் முட்டை ஓடு போல மின்னியது.

"டேய்! தாடி எங்கடா?"

"எடுத்துட்டேன் பெரியப்பா."

"எவன் செத்தான்னு எடுத்த?"

"துப்பாக்கி மருந்துல தீப்பிடிக்கும்னு எடுக்கச் சொன்னாங்க."

"உங்கப்பன் தாடியோடதான் சண்டை போட்டான். வாடா வீட்டுக்கு! கழுதைகூட நாலு கால்ல நடக்குது. நீ ரெண்டு கால்ல நடக்குற."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நஜஃப்குலி சிரிக்கவில்லை.

"அப்பா குதிரையிலதான் போனாரு, பெரியப்பா. அவங்க பீரங்கி குதிரைன்னு பார்த்துச்சா? பாதிப் பேர் செத்தாங்க, மீதிப் பேர் அதே குதிரையில திரும்பி ஓடியாந்தோம். நானும்தான். நீங்களும்தான்."

மைதானமே கேட்டது. கான் பின்னால் நின்ற தன் ஆட்களைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார். அவர்கள் பாய்ந்தார்கள். நஜஃப்குலி துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, இறுக்கமான கால்சட்டை எங்கோ கிழியும் சத்தத்தோடு ஓடி, மைதான ஓரத்தில் நின்ற பீரங்கியின் சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

கானின் ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அரசாங்கப் பீரங்கியைத் தொட்டவன் அடைக்கலம் புகுந்தவன். கொலைகாரனாக இருந்தாலும் அவனாகக் கையை எடுக்கும்வரை மன்னர் ஷாவே அவனை இழுக்க முடியாது. பரங்கி வாத்தியாருக்கு மட்டும் இது புரியவில்லை. யாராவது விளக்கம் சொல்வார்களா என்று மீசையைத் தடவிக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"அடைக்கலமா? என்கிட்டேருந்தா?" என்றார் கான். திருடர்களும் கடன்காரர்களும் செய்கிற காரியத்தைத் தன் வீட்டுப் பிள்ளை செய்கிறான், அதுவும் தனக்கு எதிராக. "சரி. பசிக்கும்ல? நான் காத்திருக்கேன்."

கம்பளம் விரிக்கச் சொல்லி உட்கார்ந்தார். கூட்டாளிகள் நஜஃப்குலிக்கு ரொட்டியில் கறி சுருட்டி வாயில் ஊட்டிவிட்டார்கள். கானுக்குத்தான் வயிறு இரைந்தது.

அப்போது பீரங்கித் தலைவன் ஹாத்தம் பேக் வியர்க்க விறுவிறுக்க வந்தான். ஆற்றங்கரைக்குப் பீரங்கிகள் உடனே கிளம்ப வேண்டும் என்று உத்தரவு. உருசியர்கள் நகரத் தொடங்கியிருந்தார்கள்.

"தம்பி, கையை எடுப்பா. வண்டி கிளம்பணும்."

"எடுத்தா இவங்க தூக்கிட்டுப் போயிடுவாங்க, பேக்."

"கான் ஐயா, நீங்களாவது சொல்லுங்க."

"கையை எடுத்தா நானே தூக்கிட்டுப் போவேன்."

ஹாத்தம் பேக் வானத்தைப் பார்த்தான். "அப்ப ஒண்ணு பண்ணு. சக்கரத்தை விட்டுட்டுக் குழாயைப் பிடிச்சுக்கிட்டே நட. ஒரு கை மாத்தி ஒரு கை. விட்டுடாத."

வெடிமருந்துப் பெட்டி வண்டியை முன்னால் மாட்டிக் குதிரைகளைப் பூட்டினார்கள். பீரங்கி அசைந்தது. நஜஃப்குலி பக்கவாட்டில் நடக்கத் தொடங்கினான். கான் எழுந்தார். கெரீமையும் காணோம், குதிரையையும் காணோம். கூடப் போகாவிட்டால் பையன் பட்டணம் தாண்டிப் போய்விடுவான். கூடப் போவதென்றால் தப்ரீஸ் கடைத்தெரு முழுக்க, செருப்புத் தைப்பவன் முதல் ரொட்டி சுடுபவன்வரை பார்க்க, ஷாவெர்தி கான் நடக்க வேண்டும்.

அவர் நடக்கவில்லை. அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆள் ஒருவன் கைகொடுக்க, பீரங்கிக் குழாயின்மேல் இருபுறமும் கால் போட்டு ஏறி உட்கார்ந்தார்.

"கான் ஐயா! இது அரசாங்கப் பீரங்கி. இறங்குங்க!"

கான் உள்ளங்கையை இரும்பின்மேல் ஓங்கி வைத்தார். "நானும் அடைக்கலம் புகுந்துட்டேன்."

"நீங்களா? யாருகிட்டேருந்து?"

"நடக்குறதுகிட்டேருந்து."

ஹாத்தம் பேக் வண்டியை ஓட்டச் சொன்னான்.

கடைத்தெரு அன்று வியாபாரத்தை மறந்தது. கபாப் கடைக்காரன் விசிறியை அப்படியே நிறுத்திவிட்டான். கான் முதுகை வளைக்காமல், நேராகப் பார்த்தபடி, வெயிலில் காய்ந்த இரும்பு தொடையைச் சுடுவதை முகத்தில் காட்டாமல் போனார்.

"கான் ஐயா, புதுக் குதிரையா? என்ன வயசு?" என்றான் ஒரு ரொட்டிக்காரன்.

"வாயைத் திறந்துதான் வச்சிருக்கு. கையை விட்டுப் பல்லைப் பாரு, வயசு தெரியும்" என்றார் கான்.

சிரிப்பு ரொட்டிக்காரன் பக்கம் திரும்பியது. பக்கத்தில் நடந்துவந்த நஜஃப்குலியும் சிரித்துவிட்டான். கான் குனிந்து பார்த்தார். பரங்கி பூட்ஸ் கடித்துப் பையன் நொண்டிக்கொண்டிருந்தான். கை மட்டும் குழாயைவிட்டு விலகவில்லை. அதே பிடிவாதம். தம்பியும் அப்படித்தான். 'போகாதே' என்று சொல்லியும் உருசியப் பீரங்கி வரிசையின் முன்னால் போய் நின்றான்.

நகர வாயிலில் கெரீம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். கையில் கானின் குதிரை.

"எஜமான், குதிரை! இறங்கி வாங்க!"

கான் குதிரையைப் பார்த்தார். ஒரு கால் இறக்கினால் போதும், வீடு. பையன் தன் போக்கில் ஆற்றங்கரைக்குப் போய், வரிசையில் நடந்து நடந்தே சாவான். ஊர் அதைத்தான் காலத்துக்கும் சொல்லும்.

"ஹாத்தம், உன் ஆளுங்க சண்டைக்கு எப்படிப் போவாங்க? நடந்தா?"

"நடந்தா எப்பப் போய்ச் சேர்றது, கான் ஐயா? சிலர் இழுக்குற குதிரை மேல. மத்தவங்க வெடிமருந்துப் பெட்டி மேல. போன தடவை பாதிப் பேரைப் பறிகொடுத்துட்டேன். பெட்டி மேல உட்கார ஆளில்லாமத்தான் போகுது."

"அப்ப குதிரை இழுக்குது. மனுஷன் உட்கார்ந்து போறான்."

"ஆமா."

"அதுக்குப் பேரு குதிரைப்படை" என்றார் கான். "டேய், ஏறு பெட்டி மேல."

நஜஃப்குலி தயங்கினான். "கையை எடுத்ததும் பிடிச்சுக்குவீங்க."

"எடுத்துட்டுப் பாரு."

பையன் கையை எடுத்தான். ஒரு கணம் அவன் எதையும் தொடாமல் நடுத்தெருவில் நின்றான். பின்னால் வந்த கானின் ஆட்கள் அவர் தலையைப் பார்த்தார்கள். தலை அசையவில்லை. நஜஃப்குலி தாவிப் பெட்டிமேல் உட்கார்ந்து, முதல் காரியமாகப் பூட்ஸைக் கழற்றினான். பையனைப் பீரங்கிப்படைக்கு எடுத்துக்கொள்வது பற்றிக் காலாட்படைத் தலைவனிடம் தானே பேசிக்கொள்வதாக ஹாத்தம் பேக் சொன்னான்.

"எஜமான், நீங்க இறங்கலையா?" என்றான் கெரீம்.

"ஆறுவரைக்கும் போறேன். தாடி இல்லாத பயலை நம்ப முடியாது."

"வீட்டுல எஜமானியம்மா கேட்டா என்ன சொல்லட்டும்?"

கான் யோசித்தார். தொடை எரிந்தது.

"நம்ம பையன் குதிரைப்படையிலதான் இருக்கான்னு சொல்லு. குதிரைதான் கொஞ்சம் கனம்னு சொல்லு."