நவம்பர் உறையில் ஒரு பெயர்

மூன்று குளிர்காலமாக டெர்வ்லா தன் பெரியப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். பெரியப்பா என்றால் மீசை வைத்த ஆள் இல்லை. பச்சைக் குழந்தையாகவே போய்ச் சேர்ந்தவன். "உனக்கு முன்னால ஒருத்தன் வந்தான்டா" என்று அப்பாவிடம் அவருடைய அம்மா சாகுமுன் ஒரே ஒரு தடவை சொன்னாளாம். பெயரைச் சொல்லவில்லை.

அப்பா ஃபெஸ்டஸுக்குத் தொண்ணூற்றொரு வயது. மேயோ மாவட்டக் கடற்கரையில் முதியோர் இல்லம், ஜன்னலோரப் படுக்கை. நவம்பர் வந்தால் ஊரே தன் வீட்டில் செத்தவர்களின் பெயர்களை எழுதி, உறையிலிட்டுத் தேவாலயப் பீடத்தில் வைக்கும். மாதம் முழுக்க அவர்களுக்காகப் பூசை நடக்கும். அதில் அண்ணன் பெயர் ஏறாமல் கண்ணை மூடமாட்டேன் என்று கிழவருக்குப் பிடிவாதம்.

"பேர் இல்லாதவனுக்கு யாரு செபம் பண்ணுவா? அடுத்த வருஷம் நான் இருப்பேனா, சொல்லு."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

தேவாலயப் பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானப் புத்தகங்களைப் புரட்டுவது கல்லில் நார் உரிக்கிற வேலை. மை வெளிறியிருக்கும். அந்தக் காலத்துச் சாமியார் கோழி கிளறிய மாதிரி லத்தீனில் எழுதியிருப்பார். ஊரில் பாதிப் பேருக்கு ஒரே பெயர். அப்பாவுக்கு முந்தைய ஏழெட்டு வருடங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாகிவிட்டது. முதல் குளிர்காலத்தில் ஏமாற்றம் இருந்தது, அடுத்ததில் கோபம். இப்போது அவளுக்கு ஒன்றுமே இல்லை. பக்கங்களை விரல்தான் புரட்டியது.

"உங்கப்பா வரியைப் பாத்தியா?" என்றாள் அசம்ப்டா. அலுவலகத்தைக் கவனித்துக்கொள்கிறவள், டெர்வ்லாவோடு பள்ளியில் படித்தவள்.

"அவரை எதுக்குடி பாக்கணும்? அவருதான் இருக்காரே."

அசம்ப்டா அந்த வருடத்தை எடுத்துப் பிரித்தாள். ஃபெஸ்டஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு லத்தீன் சொல். இரட்டையரில் ஒருவன். மற்றவனுக்கு வரியே இல்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

"ஞானஸ்நானத் தண்ணி படுறதுக்குள்ள போயிருக்கும்" என்றாள் அசம்ப்டா மெல்ல. "தண்ணி படலன்னா புத்தகத்துலயும் இடமில்ல, கல்லறைத் தோட்டத்துலயும் இடமில்ல. பொழுது சாஞ்சதும் உங்க தாத்தா ஒரு பெட்டியை இடுக்கிக்கிட்டு கடலோர வயலுக்குப் போயிருப்பாரு. தெரியுமே உனக்கு, அங்கதானே எல்லாக் குழந்தைங்களும்."

தெரியும். அந்த வயலில் யாரும் உழுவதில்லை. டெர்வ்லா தனக்கு அழுகை வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

முதியோர் இல்லத்தில் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முன்னாலன்னா, எவ்வளவு முன்னால?"

"அரைமணி நேரம் இருக்கலாம்ப்பா. பேரே வைக்கலையாம். என்ன எழுதட்டும்?"

"எங்க தாத்தா பேரு என்ன?"

"ஃபெஸ்டஸ்."

"அப்பனோட அப்பன் பேரு மூத்தவனுக்குத்தானே போகும்? நான் ரெண்டாவது." கிழவர் சிரித்தார். "அவன் பேரைத்தான் இத்தனை வருஷம் இரவல்ல வச்சிருந்திருக்கேன். எழுது, அவன்கிட்டயே திருப்பிக் குடுத்துரு."

"அப்ப உங்களுக்கு?"

"நான்தான் வேண்டிய மட்டும் போட்டுத் தேச்சாச்சே."

மறுநாள் டெர்வ்லா உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒட்டாத உறையைப் பிரித்துப் பார்க்காவிட்டால் அசம்ப்டாவுக்குத் தலை வெடித்துவிடும்.

"அடிப்பாவி! உங்கப்பா உயிரோட இருக்காரேடி, இப்பவே எழுதிட்டியா?"

"இது அப்பா இல்ல. அவரோட அண்ணன். பேரு அவனோடது."

"அப்ப உங்கப்பா பேரு என்ன?"

டெர்வ்லா வாயைத் திறந்தாள். சொல்ல ஒரு பெயரும் இல்லை. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று குளிர்காலத்துக்கும் சேர்த்து அழுதாள்.