பெரியம்மாள் தோப்பில் நடந்த கல்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பெரியம்மாள் தோப்பில் கிடந்த கல் போன வருடம் தை மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு முழம் வீட்டை நோக்கி நகர்ந்தது. அது நகரத் தொடங்கிய வாரம் தேங்காய் விலையும் சற்று ஏறியிருந்தது. எருமைக்கன்று அளவுக் கல். ஊரே வந்து பார்த்தது. மாசி பிறந்ததும் அலுத்துப்போய் வரவில்லை. நடக்கிற கல்லைச் சும்மா விடலாமா என்று பெரியம்மாள் அதற்குச் சுண்ணாம்பு அடித்து, காவிப்பட்டை தீட்டி, எலுமிச்சம்பழம் வைத்தாள். அவள் புருஷன் சென்னிமலை, "போற வழியில தண்ணிக்குழாய் இருக்குது, ஒடைச்சுப்போடும்" என்று குழாயை மாற்றிப் போட்டதோடு சரி.

மேலே ஒரு கல் நடந்தால் அடியில் ஒரு மலையே படுத்திருக்கும் என்று யாரோ ஒரு சிமெண்டுக் கம்பெனிக்குச் சொல்லித் தொலைத்தார்கள். கம்பெனி அதிகாரி பூபதிராஜா வந்து கல்லின் மேல் இரண்டு சொட்டு ஆசிட் விட்டார். சோடா மாதிரிப் பொங்கியது. சுண்ணாம்புக்கல்லேதான் என்று எழுதிக்கொண்டார். அரசாங்கத்திடம் சொல்லித் தோப்பை எடுத்துக்கொள்வார்களாம், நஷ்டஈடு தருவார்களாம். நாற்பத்திரண்டு தென்னையையும் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தவள் பெரியம்மாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அளவெடுக்கப் பூபதிராஜா ஜீப்பில் வந்த அன்று அவள் அரிவாளோடு போய், "எல்லாம் உன்னாலதான!" என்று கல்லை ஒரே போடாகப் போட்டாள். தீப்பொறி பறந்தது. வெள்ளை உதிர்ந்த இடத்தில், மெழுகு பூசினாற்போல் தேன் நிறம். கிளிஞ்சல் போலக் குழிந்த சில்லு ஒன்று தெறித்து விழுந்தது. அரிவாளின் வாய் மழுங்கி, அதன் இரும்புதான் கல்லில் கோடாக ஒட்டியிருந்தது. அவளுக்குக் கோபம் இறங்கி யோசனை ஏறியது.

"ஏனுங்க சார், நீங்க அன்னைக்குச் சோதிச்சது கல்லைங்களா, நா அடிச்ச சுண்ணாம்பைங்களா?"

பூபதிராஜா அசடு வழிய வெள்ளை போன இடத்தில் ஆசிட் விட்டார். ஒரு குமிழிகூட இல்லை. சில்லை எடுத்து ஜீப் கண்ணாடியில் இழுத்தார். பளிச்சென்று கோடு விழுந்தது, டிரைவர் அலறினார்.

"இது செர்ட்டுங்கம்மா, சிக்கிமுக்கிக்கல் சாதி. அரைக்கப் போனா எங்க மிஷின் பல்லே போயிரும்."

தோப்பில் நாலு இடத்தில் துளை போட்டும் அதே கல்தான். நிலம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். தன் நிலத்தை ஒருவர் வேண்டாம் என்றதற்காக நாற்பத்திரண்டு மரத்தையும் கட்டிக்கொண்டு அழுத பெண்ணை இந்தப் பக்கத்தில் நாம் பார்த்ததில்லை.

ஆடி இரண்டாம் வெள்ளியன்று கல் வாசலுக்கு வந்தது. நிலை குறுகலாக இருந்ததால் ஒரு வாரம் வெளியே நின்றது. சென்னிமலை ஆசாரியைக் கூப்பிட்டு நிலையை அகலமாக்கிவிட்டு, களைத்துப்போய் டிவி முன்னால் நீட்டிப் படுத்தார்.

"ஏனுங்க," என்றாள் பெரியம்மாள், "காலை மடக்குங்க, அது உள்ள வரட்டும்."